யாரோ செய்த கப்பல்

மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்க பேட்ச்லேருந்து யாருமே எழுதித் தரல. காலேஜ் நினைவுன்னாலும் சரி, ஏதாவது சரித்திரம்னாலும் சரி, நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். நான் மெக்கானிக்கல்காரன். சரித்திரம் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே சரித்திரம் நம் கல்லூரி வகுப்பறையில்தான் ஆரம்பித்தது. இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் ஆண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பு. பாதிப் பேர் தூக்கத்தில். எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் மேலே ஒரு பெரிய வட்டம், கீழே இரண்டு பக்கமும் இரண்டு சின்ன வட்டங்கள் போட்டார். மேல் வட்டத்திலிருந்து கீழ் வட்டங்களுக்குச் சரிவாக நேர்க்கோடுகள் இழுத்தார். பார்க்க ஆங்கில 'ஏ' எழுத்து மாதிரி இருந்தது. "இதுதான் யாரோ பாய்லர்" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "யாரோன்னா யாரு சார்?"

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான்யா. நீயே தேடிப் பிடிச்சு வந்து சொல்லு" என்றார். கேட்டவன் நான்தான். அவர் இருந்தவரை போய்ச் சொல்லவில்லை. ஐம்பது வருஷம் கழித்து இப்போது சொல்கிறேன்.

ஆல்ஃபிரட் யாரோ 1842 முதல் 1932 வரை வாழ்ந்த ஆங்கிலேயப் பொறியாளர். லண்டனின் கிழக்கு மூலையில், தேம்ஸ் நதி வளைந்து திரும்பும் பாப்ளர் பகுதியில் அவருடைய கப்பல் பட்டறை இருந்தது. சின்னச் சின்ன நீராவிப் படகுகளில் தொடங்கி, டார்பிடோப் படகுகளுக்கு வந்து சேர்ந்தார். டார்பிடோ வந்தபோது பெரிய கடற்படைகள் எல்லாம் நடுங்கிப்போயின. பல லட்சம் பவுன் செலவழித்துக் கட்டிய போர்க்கப்பலை ஒரு துக்கடாப் படகு இரவில் வந்து குத்திவிட்டுப் போய்விடும் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அந்தப் படகுகளைத் துரத்திப் பிடிக்க அவற்றைவிட வேகமான, கொஞ்சம் பெரிய கப்பல் ஒன்று தேவைப்பட்டது. அதற்கு 'டார்பிடோப் படகு டிஸ்ட்ராயர்' என்று பெயர் வைத்தார்கள். நம் பத்திரிகைகள் பிற்காலத்தில் 'நாசகாரி' என்று எழுதியது இந்த ஜாதியைத்தான். பிரிட்டிஷ் கடற்படைக்காக இந்த வகையில் யாரோ கட்டிக் கொடுத்த 'ஹேவக்', 'ஹார்னெட்' இரண்டும் 1893-ல் தண்ணீரில் இறங்கின.

இங்கேதான் பாய்லர்க்காரனுக்கு ருசியான விஷயம் வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே கப்பல்தான். ஆனால் ஹேவக்கில் ரயில் என்ஜினில் இருப்பது போன்ற பாய்லர். அதில் நெருப்புப் புகை குழாய்க்குள் போகும், தண்ணீர் வெளியே சூழ்ந்திருக்கும். ஹார்னெட்டில் இதைத் தலைகீழாக்கினார்கள்: தண்ணீர் குழாய்க்குள், நெருப்பு வெளியே. தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், எடை குறைவு, ஆவி சீக்கிரம் ஏறும். வேகம் வேண்டுமென்று காற்றை அடித்து நெருப்பை விரட்டினால் பழைய பாய்லரின் குழாய் மூட்டுகள் ஒழுக ஆரம்பித்துவிடும். புதியது தாக்குப்பிடித்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். சூடான குழாயில் தண்ணீர் மேலே ஏறும், சரி. திரும்பிக் கீழே இறங்குவதற்குச் சூடு படாத தனிக் குழாய் வேண்டாமா? யாரோ ஒரு 'யூ' வடிவக் குழாயை எடுத்துக்கொண்டார். ஒரு காலின் கீழே விளக்குகளை வைத்தார். அந்தப் பக்கம் தண்ணீர் ஏறியது, மறு பக்கம் இறங்கியது. பிறகு இறங்குகிற காலுக்கும் விளக்கு வைத்தார். ஓட்டம் நின்றுவிடும் அல்லது குறையும் என்றுதானே தோன்றும்? அதிகமாயிற்று! ஆகவே தனிக் குழாய் தேவையில்லை. அத்தனை குழாய்களும் நெருப்பிலேயே இருக்கலாம். 1890-களின் நடுவில் கப்பல் கட்டும் பொறியாளர்கள் சபையின் முன்னால் இதை அவர் காட்டினார். குழாய்களையும் வளைக்காமல் நேராகவே வைத்தார். நேர்க்குழாய் என்றால் ஒரு முனையில் விளக்கைப் பிடித்து மறுமுனையில் கண் வைத்தால் உப்பு படிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கெட்டுப்போனதை உருவி எறிந்துவிட்டுப் புதிது சொருகலாம். வளைந்த குழாயைச் சுத்தம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் இந்த நேர்க்கோட்டின் அருமை தெரியும்.

யாரோவுக்கு வாடிக்கையாளர்கள் எல்லாத் திசையிலும் இருந்தார்கள். ஜப்பான் 1885-லேயே ஒரு டார்பிடோப் படகுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. பெயர் 'கொட்டாக்கா', சிறு பருந்து என்று பொருள். லண்டனில் செய்து, துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றி அனுப்பி, யோகோசுகா துறையில் பூட்டி 1888-ல் முடித்தார்கள். 203 டன். அன்றைக்கு டார்பிடோப் படகுகளில் பெரியது அது. டிஸ்ட்ராயர் என்ற எண்ணத்துக்கே அது முன்னோடி என்பவர்கள் உண்டு. 1895 பிப்ரவரியில் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் சீனக் கப்பல்களின் மீது நடந்த இரவுத் தாக்குதலில் கொட்டாக்காவும் போனது. அதே 1895-ல் ரஷ்யாவுக்கு யாரோ ஒரு கப்பல் கட்டிக் கொடுத்தார். அதன் பெயர் 'சோக்கல்'. பொருள் வல்லூறு! சுமார் 30 நாட் வேகம். அப்போதைய உலகில் மிக வேகமான கப்பல்களில் ஒன்று. ரஷ்யர்கள் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு தங்கள் பட்டறைகளில் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டினார்கள். ஒரே கடையில் பருந்தும் வல்லூறும் வாங்கிய இரண்டு வீட்டுக்காரர்களும் பத்து வருஷத்துக்குள் அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது கடைக்காரருக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜப்பானுக்குப் பணம் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். 1895-ல் சீனாவைத் தோற்கடித்து ஷிமோனோசெகி உடன்படிக்கையில் 20 கோடி டெயில் வெள்ளி நஷ்டஈடாக வாங்கினார்கள். லியாவோடுங் தீபகற்பத்தைத் திருப்பிக் கொடுத்ததற்காக இன்னும் 3 கோடி. லண்டனிலேயே பவுனாகக் கைமாறிய அந்தப் பணத்தில் பெரும்பகுதி ராணுவத்துக்கும் கடற்படைக்கும் போயிற்று. நான்கு பெரிய போர்க்கப்பல்கள், நான்கும் பிரிட்டனில் கட்டியவை. கூடவே டிஸ்ட்ராயர்கள்: ஆறு யாரோவிடம், ஆறு அவருடைய போட்டியாளர் தார்னிகிராஃப்டிடம். ஒரே கடையில் மொத்தமாக வாங்காமல் இரண்டு கடையிலும் வாங்கியதை நான் சாமர்த்தியம் என்றே சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது.

யாரோ கட்டிய ஆறும் 1898-க்கும் 1900-க்கும் இடையில் முடிந்தன. இகாசுச்சி, இனாசுமா, அகெபோனோ, சசானாமி, ஒபோரோ, நிஜி. இடி, மின்னல், விடியல், சிற்றலை, மங்கிய நிலவொளி, வானவில். கொலைக் கருவிக்கு எப்படிப் பெயர் வைத்திருக்கிறான் பாருங்கள்! இனாசுமா என்ற சொல்லின் மூலம் 'நெற்பயிரின் துணை' என்பதாம். மின்னல் வெட்டினால் நெல் பால்பிடிக்கும் என்று அந்த ஊர் விவசாயிகள் நம்பினார்கள்.

ஒவ்வொன்றும் 305 டன், நீளம் ஏறத்தாழ 68 மீட்டர். அகலம் ஆறு மீட்டர் சொச்சம்தான். அதாவது மிதக்கும் ஊசி. நான்கு யாரோ பாய்லர்கள், இரண்டு என்ஜின்கள், 6,000 குதிரைத்திறன், 31 நாட் வேகம். மணிக்கு 57 கிலோமீட்டர்! ஒரு 12 பவுண்டர் பீரங்கி, ஐந்து 6 பவுண்டர்கள், இரண்டு டார்பிடோக் குழாய்கள். ஆட்கள் 55 பேர். முன்பக்க மேல்தளம் ஆமை முதுகு மாதிரி வளைந்திருக்கும், அலை வழிந்து போவதற்காக. வழிந்து போனது எங்கே? பின்னால் நிற்பவன் தலையில்.

31 நாட் என்பது ஒப்பந்தச் சோதனை வேகம். சோதனை ஓட்டத்தின்போது பொறுக்கியெடுத்த நல்ல கரி, கம்பெனியின் கைதேர்ந்த ஸ்டோக்கர்கள், குறைந்த பாரம். கடற்படையில் சேர்ந்த பிறகு, முழுப் பாரத்தோடு, சாதாரணக் கரியோடு அந்த வேகம் கிடைக்காது. இது எல்லா நாட்டுக் கப்பலுக்கும் பொருந்தும். எங்கள் ஆசிரியர் அடிக்கடி கேட்பார்: "எஃபிஷியன்சி எவ்வளவுன்னு எழுதிட்டீங்க, சரி. கரி அள்ளிப் போட்டவன் யாரு?" இந்தக் கப்பல்களைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அந்தக் கேள்விதான் எனக்கு ஞாபகம் வந்தது. மெல்லிய இரும்புத் தகட்டுக்கு உள்ளே, கப்பல் குதிக்கிற குதியில் கால் நிலைக்காமல், நான்கு வாய்களுக்குக் கையால் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மேலே போர் நடக்கிறதா முடிந்துவிட்டதா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

வானவில்தான் முதலில் மறைந்தது. நிஜி கட்டி முடித்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 1900-ல் ஷான்டுங் கரையில் பாறை தட்டி உடைந்தது. மிச்சம் ஐந்தில் பெரும்பாலானவை 1904 பிப்ரவரி 8 இரவு போர்ட் ஆர்தருக்குப் போயின. மொத்தம் பத்து டிஸ்ட்ராயர்கள். யுத்தப் பிரகடனமே இன்னும் வரவில்லை. நடுவழியில் ரஷ்யக் காவல் கப்பல்களைக் கண்டு விலகப் போய், இருட்டில் இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, மற்றவை சிதறிவிட்டன. விட்ட டார்பிடோக்களில் மூன்றுதான் பலித்தன. ரெட்விசான், செசரேவிச், பல்லாடா என்ற மூன்று பெரிய கப்பல்கள் அடிபட்டன, ஒன்றும் மூழ்கவில்லை. 'மின்னல் தாக்குதல்' என்று புத்தகங்களில் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ அது பாதி வெற்றி என்றுதான் படுகிறது.

நான் அதிகம் யோசித்துப் பார்த்தது அதே ஆண்டு மார்ச் 10-ஆம் தேதிக் காலையைத்தான். வேவு பார்த்துவிட்டு போர்ட் ஆர்தருக்குத் திரும்பிய இரண்டு ரஷ்ய டிஸ்ட்ராயர்களை நான்கு ஜப்பானியக் கப்பல்கள் மறித்தன. அந்த நான்கில் அகெபோனோவும் சசானாமியும் யாரோ கட்டியவை. ரஷ்யக் கப்பல்களில் ஒன்று தப்பிவிட்டது. மாட்டிக்கொண்டதன் பெயர் 'ஸ்டெரெகுஷி'. காவல் காப்பது என்று அர்த்தம். அது சோக்கல் வகைக் கப்பல்! பீட்டர்ஸ்பர்க்கில் செய்து, துண்டுகளாக அனுப்பி, போர்ட் ஆர்தரிலேயே பூட்டியது. கொட்டாக்கா வந்த அதே மாதிரி. லண்டனில் ஒரே பட்டறையின் வரைபட மேஜையில் பிறந்த இரண்டு வம்சங்கள், மஞ்சள் கடலில் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டன.

நம் ஊர் மேடைகளில் ஜப்பானைப் பற்றிப் பேசும்போது 'உழைப்பால் உயர்ந்தான், வென்றான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தக் காலையில் நடந்தது அப்படியல்ல. ரஷ்யனும் வாங்கினான், ரஷ்யனும் பார்த்துக் கட்டினான். ஸ்டெரெகுஷி சிறிய கப்பல், ஒரு 75 மில்லிமீட்டர் பீரங்கியும் மூன்று சிறு பீரங்கிகளும்தான். எதிரே பெரிய கப்பல்கள், அதுவும் நான்கு. கணக்கு அவ்வளவுதான். ஆனாலும் அது விடவில்லை. என்ஜின் நின்று, கேப்டன் செத்து, கிட்டத்தட்ட எல்லோரும் விழும் வரை சுட்டுக்கொண்டே இருந்தது. சசானாமியின் ஆட்கள் ஏறி, கொடி மாற்றி, கயிறு கட்டி இழுத்தார்கள். துறைமுகத்திலிருந்து ரஷ்யக் குரூசர்கள் வருவது தெரிந்தது. இழுவைக் கயிறு அறுந்தது. ஸ்டெரெகுஷி மூழ்கிப்போனது. பிழைத்தவர்கள் நான்கு பேர்.

பிறகு ரஷ்யாவில் ஒரு கதை பரவியது. இரண்டு மாலுமிகள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, கடல் தண்ணீர் வரும் வால்வைத் திறந்துவிட்டார்களாம், கப்பல் எதிரி கைக்குப் போகக் கூடாது என்று. 1911-ல் பீட்டர்ஸ்பர்க்கில் திறந்த நினைவுச் சின்னத்தில் அந்த இருவரும் வால்வைத் திறக்கிற காட்சியே வடிக்கப்பட்டிருக்கிறது. கதை நிஜம்தானா என்று பின்னால் ரஷ்ய ஆய்வாளர்களே சந்தேகப்பட்டார்கள். சிலை அங்கேதான் நிற்கிறது. என்ஜின் அறையில் இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு நாடாவது சிலை வைத்ததே என்று எனக்கு அதில் ஒரு திருப்தி.

சசானாமியின் பெயர் உலகம் முழுக்கத் தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. 1905 மே 27 அன்று சுஷிமாவில் ரஷ்யக் கப்பற்படை அழிந்தது. தளபதி ரொஜெஸ்ட்வென்ஸ்கி தலையில் பலத்த காயத்தோடு தன் கொடிக்கப்பலிலிருந்து ஒரு டிஸ்ட்ராயருக்கும், அதன் என்ஜின் தகராறு செய்ததால் அங்கிருந்து 'பெடோவி' என்ற இன்னொன்றுக்கும் மாற்றப்பட்டார். 28-ஆம் தேதி சசானாமியும், தார்னிகிராஃப்ட் கட்டிய காகேரோவும் அதைக் கண்டுபிடித்தன. கூட வந்த 'குரோஸ்னி' சண்டையிட்டபடியே ஓடி விளாடிவாஸ்டாக் போய்ச் சேர்ந்தது. பெடோவி வெள்ளைக் கொடி ஏற்றியது. சசானாமிக்காரர்கள் ஏறிப் பார்த்தால் உள்ளே எதிரிப் படையின் தலைமைத் தளபதி! 305 டன் சிற்றலை அவரை இழுத்துக்கொண்டு சசெபோவுக்குப் புறப்பட்டது. அங்கே மருத்துவமனையில் படுத்திருந்தவரை அட்மிரல் டோகோ நேரில் போய்ப் பார்த்து ஆறுதல் சொன்னார். அடுத்த ஆண்டு ரஷ்ய ராணுவ நீதிமன்றம் தளபதியை விடுவித்தது. பெடோவியின் கேப்டன் உட்பட நான்கு அதிகாரிகளுக்கு மரண தண்டனை விதித்து, பிறகு குறைத்தது.

வரலாற்றுப் புத்தகம் அத்தோடு அத்தியாயத்தை முடித்துவிடும். எனக்கு விஷயம் அதற்கு அப்புறம்தான். அதைச் சொல்ல என் சொந்தக் கதை கொஞ்சம் வேண்டும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஆலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே வெளிநாட்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் பாய்லர் செய்தோம். ஒரு முறை நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, நாங்களே கணக்குப் போட்டு, நம் ஊர்க் கரிக்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்தோம். சோதனை ஓட்டத்தில் ஆவி கொஞ்சம் குறைவாக வந்தது. மேலே இருந்தவர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள். "அவன் டிசைன்ல இதைவிட ஜாஸ்தி வருதே, எதுக்கு வீண் வேலை?" என்றார்கள். கோப்பு அலமாரிக்குள் போயிற்று. மறுபடி பழைய வரைபடத்துக்கே பணம் கட்டினோம்.

இப்போது ஜப்பானுக்கு வாருங்கள். லண்டனிலிருந்து கப்பல்கள் வந்த பிறகு, யாரோவின் கப்பலிலிருந்து கொஞ்சம், தார்னிகிராஃப்டின் கப்பலிலிருந்து கொஞ்சம் எடுத்து, யோகோசுகாவிலும் கூரேவிலும் 'ஹருசமே' வகை ஏழு கப்பல்களைச் சொந்தமாகக் கட்டினார்கள். இரண்டு கடையிலும் வாங்கியதன் பலன் இதுதான். முதல் கப்பல் 1902-ல் தண்ணீரில் இறங்கியது. அதே 6,000 குதிரைத்திறன். வேகம்? 29 நாட்! லண்டன் கப்பலைவிட இரண்டு நாட் குறைவு, எடை 70 டன் அதிகம். அலமாரிக்குள் போக வேண்டிய கோப்புதானே? போகவில்லை. போர் மூண்டதும் அதையே கொஞ்சம் திருத்தி, 'காமிகாசே' வகை 32 கப்பல்களை நாடு முழுக்கப் பல பட்டறைகளில் 1909 வரை கட்டினார்கள். அவையும் 29 நாட்தான். லண்டனில் கற்ற கை அல்ல, சொந்த ஊர்க் கை. அது தவறு செய்து பழக 32 கப்பல்கள். கடற்படைப் பொறியாளர் மியாபாரா ஜிரோ சொந்தமாகவே ஒரு தண்ணீர்க்குழாய் பாய்லர் வடிவமைத்து, அது போர்க்கப்பல்களில் ஏறியது. வெளிநாட்டில் வாங்குவதையும் அவர்கள் வீம்புக்காக உடனே நிறுத்திவிடவில்லை. பட்டறை ஸ்காட்லாந்துக்கு மாறிய பிறகும் யாரோவிடம் 'உரகாசே' என்று ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்து, எண்ணெய் எரிக்கும் பாய்லர்களைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். 1915-ல் தண்ணீரில் இறங்கிய அதுதான் வெளிநாட்டில் கட்டிய கடைசி ஜப்பானிய டிஸ்ட்ராயர். இரண்டே வருஷத்தில், 1917-ல், முதல் உலகப் போரில் கைபிசைந்து நின்ற பிரான்சு தனக்கு 12 டிஸ்ட்ராயர்களைக் கட்டித் தரச் சொல்லி ஜப்பானிடம் வந்து, வாங்கிக்கொண்டும் போனது.

1930-களில் இகாசுச்சி என்ற பெயரில் மறுபடி ஒரு கப்பல் வந்தது, உரகாவில் கட்டியது. பழைய இகாசுச்சியில் நான்கு பாய்லருக்கு 6,000 குதிரைத்திறன். புதியதில் மூன்று பாய்லருக்கு 50,000! அந்த பாய்லர் ஜப்பானியக் கடற்படையின் சொந்த வடிவமைப்பு. ஆனால் அதன் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தபோது நான் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். மேலே ஒரு பெரிய வட்டம், கீழே இரண்டு சின்ன வட்டங்கள், நடுவே சரிவாகக் குழாய்கள்.

பழைய இகாசுச்சியின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 'மின்னல்' 1909-ல் ஹக்கோடாதே அருகே இன்னொரு கப்பலோடு மோதி இரண்டாகப் போயிற்று. 'இடி' மட்டும் போர்ட் ஆர்தரையும் சுஷிமாவையும் கடந்து வந்து, பதினான்கு வயதில், சண்டை எதுவும் இல்லாத ஒரு நாளில் போனது. 1913 அக்டோபரில், வடக்கே ஓமினாத்தோ துறைமுகத்தில், பாய்லர் வெடித்தது. குழாய் வெடிக்கும் சத்தத்தை நான் ஒரே ஒரு முறை, இரவு ஷிப்டில், பத்தடி தூரத்தில் கேட்டிருக்கிறேன். அன்று உள்ளே இருந்த பையன் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். இகாசுச்சியைப் பற்றி நான் பார்த்த புத்தகங்களில் எல்லாம் கப்பலின் டன் கணக்கு இருக்கிறது, வேகம் இருக்கிறது, கட்டியவர் பெயர் இருக்கிறது. அன்றைக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பெயரை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், சார்.